ஹோனோமலுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள்

லூகியா குவாஹுயா லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது ஹோனோமலுவிலேயே அதிகமாகச் சிரித்தவன் நான்தான். படகுத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தோம். அவள் புருஷன் பீலிபோவும் பக்கத்தில்தான் இருந்தான்.

"உன் பொண்டாட்டி மலையேறி லாரி ஓட்டப் போறாளாமே, நீ கிளீனரா கூடப் போறியா?" என்று அவனைச் சீண்டினேன்.

பீலிபோ எந்தக் கடலிலும் வள்ளம் விடுவான். ஆனால் வண்டியில் ஏற்றினால் இரண்டாவது வளைவுக்குள் குடலே வெளியே வந்துவிடும்படி வாந்தி எடுப்பான். ஊருக்கே தெரிந்த விஷயம். அவன் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ சொன்னா செய்வா, கிமோனா. நீ வலையைப் பாரு" என்றான்.

அது அறுபத்திரண்டாம் வருஷம். அவளுக்கு முப்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள். நெடுநெடுவென்ற உடம்பு, ஆம்பளைக் கைகள். ஞாயிறு ஆராதனையில் அவள் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும்.

அவள் எங்கள் ஊரில் பிறந்தவள் இல்லை. வடக்கே ஏழெட்டு மைல் தள்ளி, மலையடிவாரத்தில் அவள் வீடு இருந்தது. ஐம்பதாம் வருஷம் ஜூன் மாதம் மௌனா லோவா எரிமலை பொங்கியபோது நெருப்பாறு அந்தப் பக்கமாக இறங்கியது. அவளும் அவள் அம்மாவும் இரண்டு தம்பிகளும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். கிடைத்தது ஒரு தையல் மெஷின், ஒரு பன்றிக்குட்டி, வேதாகமம். எங்கள் ஊரிலிருந்து மூன்று வள்ளங்கள் போயிருந்தன. ஒன்றில் நான் இருந்தேன், இன்னொன்றில் பீலிபோ. கடல் கரையோரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வெந்த மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

நாலு பேரும் பன்றிக்குட்டியும் ஏறியதுமே பீலிபோவின் வள்ளம் விளிம்பு வரைக்கும் அமிழ்ந்துவிட்டது. தையல் மெஷினைக் கரையிலேயே விட்டுவிடலாம் என்று லூகியாவின் அம்மாவே சொன்னாள். பீலிபோ வள்ளத்தில் கிடந்த தன் வலையை, அவன் அப்பா இரண்டு வருஷமாக முடைந்த புது வலையை, சுருட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டான். ஆறு மாதம் கழித்து லூகியா அவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். "வேற யாராவது கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்பாள்.

ஹோனோமலுவில் அப்போது இருபத்தாறு வீடுகள். நாற்பத்தாறில் கடல் ஊருக்குள் வந்துபோனபின் திரும்பக் கட்டியவை. ஊர் உட்கார்ந்திருப்பது கரும்பாறையின் மேல். ஆறு கிடையாது, கிணறு தோண்டினால் உப்பு. தகரக் கூரையில் விழும் மழைதான் தொட்டிக்குள் இறங்கிக் குடிதண்ணீர் ஆகும். லூகியாவின் குடும்பம் வந்து இறங்கிய மாதத்தில் மழையே இல்லை. எல்லார் தொட்டியிலும் அடியில் ஒரு சாண் கலங்கல். இருந்தும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாளி வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்த குடிசையின் வாசலில் இருபத்தாறு வாளிகள் வரிசையாக இருந்தன. நானே எங்கள் வீட்டு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். எங்களுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது மறக்கவே இல்லை.

அறுபத்தொன்றிலும் அறுபத்திரண்டிலும் மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது. கருவேல மரங்கள்கூட இலையை உதிர்த்தன. மேலே பெரிய சாலையில் ஒரு பொதுக்குழாய் உண்டு. அங்கிருந்து கழுதைகளின் முதுகில் தகர டின் கட்டிக் கொண்டுவந்தோம். கீழே இறங்க ஐந்து மைல், பதினோரு வளைவு, புல்டோசர் ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டுப் போன பாறைத் தடம். கழுதை கால் இடறினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஹாரு ஷிகெமுரா லூகியாவின் சிநேகிதி, அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. தோட்டத்துக் கொட்டகையில் ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. லூகியா பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு பருவம் முழுக்க ஹாருவுக்குக் காப்பிப் பழம் பறித்தாள். கூலிக்குப் பதிலாக லாரியைக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போ. அது ஓடினா எனக்கு ஆச்சரியம். நீ ஓட்டினா அதைவிட ஆச்சரியம்" என்றாள் ஹாரு.

"ஓட்டறது எப்படின்னு காட்டு."

"இது கிளட்ச். இது பிரேக். ரெண்டையும் மாத்தி மிதிச்சா கடல்ல போய் நிப்பே. பாடம் முடிஞ்சுது."

ஒரு வாரம் தோட்டத்துக்குள்ளேயே சுற்றினாள். ஹாருவின் வேலியை இரண்டு தடவை சாய்த்தாள், இரண்டு தடவையும் இருவரும் சேர்ந்து நட்டார்கள். பழைய மரத்தொட்டி ஒன்றை லாரியின் முதுகில் வைத்து இரும்புப் பட்டையால் கட்டினாள். பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் முதல் லோடு இறங்கியது. ஊரே துறையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு நின்று, முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், ஐந்து மைலுக்கு இரண்டு மணி நேரம். கீழே வந்து இறங்கியபோது அவள் கைகள் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. விரல்களைப் பீலிபோ ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டான்.

அப்போதும் நான் வாயை மூடவில்லை. "நடந்து வந்திருந்தா சீக்கிரம் வந்திருக்கலாமே" என்றேன்.

"உன் வாளியைக் கொண்டா. கடைசியா நில்லு" என்றாள்.

வாரத்தில் மூன்று லோடு. காசு என்று ஊரில் யாரிடமும் கேட்டதில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் லாரி இருக்கையில் காய்ந்த ஓபேலு மீனோ, சேப்பங்கிழங்குக் கூழோ, ஒரு கேன் பெட்ரோலோ இருக்கும்.

மறு வருஷம் செப்டம்பரில் என் மகள் லெயிமோமிக்கு முதல் பிறந்தநாள். எங்களில் பிள்ளை ஒரு வயதைத் தாண்டுவது கல்யாணத்தைவிடப் பெரிய விருந்து. மலைமேல் சொந்தம், பக்கத்து வளைகுடாச் சொந்தம், எல்லாமாக இருநூறு பேர் வருவார்கள். கிழங்கு வேகவைக்க, கூழ் கரைக்க, வந்தவர்கள் குடிக்க என்று எத்தனை தண்ணீர் வேண்டும்! நான் லூகியாவிடம் போய், "இந்த ஒரு தடவை தொட்டியை வாய் வரைக்கும் நெறைச்சுக் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டேன். தொட்டியில் முக்கால் உயரத்தில் அவளே ஒரு கோடு கீறி வைத்திருந்தாள், அதற்கு மேல் ஏற்றமாட்டாள்.

"உனக்காக இல்லை, குழந்தைக்காக" என்றாள்.

விருந்துக்கு முந்தின நாள், பகல் பதினோரு மணி. பன்றி சுடுவதற்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கவில்லை, ஒரே மூச்சாக அலறிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எட்டாவது வளைவைத் தாண்டி லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓட்டுகிற வேகம் இல்லை அது. பிரேக் போய்விட்டது என்று பார்த்தவுடன் புரிந்தது. ஒன்பதாவது வளைவுக்குக் கீழே வெளிப்பக்கம் முப்பதடிப் பள்ளம். அதற்கும் கீழே பள்ளிக்கூடம், உள்ளே பிள்ளைகள்.

அவள் வளைவில் திருப்பவே இல்லை. ஸ்டீயரிங்கை மலைப் பக்கமாக ஒடித்து, சரிந்து கிடந்த பாறைக் குவியலில் லாரியைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டாள். இடித்த சத்தம் ஊரெல்லாம் கேட்டது.

ஓடினேன். கடப்பாரையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது. அவள் ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கி, ஒரு தோள் கோணலாகத் தொங்க உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம்.

"லூகியா! லூகியா!"

"என்னைப் பாக்காதே, மடையா. தண்ணியைப் பாரு!"

இரும்புப் பட்டை அறுந்து தொட்டி சாய்ந்திருந்தது. ஒரு பலகை பிளந்து தண்ணீர் பீறிட்டுக் கரும்பாறையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கடப்பாரையைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னாலேயே ஓடிவந்த என் மனைவி நோஹெயாதான் ஒரு கணமும் யோசிக்காமல் அந்தப் பிளவில் போய் முதுகைக் கொடுத்து நின்றாள். மூச்சுத் திணற, "பாத்திரம்! பாத்திரம் கொண்டாங்க!" என்று கத்தினாள்.

அதன் பிறகு ஊர் வந்தது. சமையல் அண்டா, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, வள்ளத்துத் தண்ணீர் இறைக்கும் சுரைக்குடுக்கை, போதகரின் ஞானஸ்நானக் கிண்ணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். நோஹெயா முக்கால் மணி நேரம் நகராமல் நின்றாள், தலை முதல் கால் வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல். பாதித் தொட்டிக்கு மேல் மிஞ்சியது.

அதற்குள் ஒரு பையன் கழுதையில் மேலே போய் ஹாருவின் ஜீப்பைக் கூட்டிவந்திருந்தான். இருக்கையைக் கடப்பாரையால் நெம்பி லூகியாவை வெளியே எடுத்து, ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தபோது பீலிபோ யாரும் சொல்லாமலே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். மலைமேல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை வெளியே தலை நீட்டி வாந்தி எடுத்தானாம். ஆனால் அவள் கையை விடவில்லை.

"நான் பொழைச்சுக்குவேன். நீ பொழைப்பியான்னுதான் தெரியலை" என்று லூகியா சொன்னதாக ஹாரு வந்து சொன்னாள்.

தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன. விருந்தை நிறுத்திவிடலாம் என்றேன். "பிள்ளைக்கு ரெண்டு தடவை ஒரு வயசு வராது. நீங்க நிறுத்தினா நான் கட்டை அவுத்துட்டு வந்துடுவேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினாள். நடத்தினோம். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் பொட்டலம் கட்டிய இறைச்சியோடு அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் கேட்டதாலதானே நீ நெறைச்சே" என்றேன்.

"நீ கேட்டே. சரி. நெறைச்சது யாரு? நான். பிரேக்கைப் பாக்காம எறக்கினது யாரு? நான். எல்லாப் பழியையும் நீயே எடுத்துக்காதே, எனக்கும் கொஞ்சம் வை" என்றாள். பிறகு, "யாரு தண்ணி கொண்டு வர்றா?" என்று கேட்டாள்.

"லாரியை ரிப்பேர் பண்ணியாச்சுன்னா நானே ஓட்டுவேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். "போ, போ. சிரிக்க வைக்காதே."

உண்மையிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஹாருவும் அவள் தம்பியும் லாரியை நிமிர்த்திப் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். காலித் தொட்டியோடுதான் இறக்கினேன். முதல் வளைவிலேயே ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. கதவைத் திறந்து குதித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வருஷம் முழுக்க இந்த வழியில் தண்ணீர்த் தொட்டியோடு வந்துபோயிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறுபடி கழுதைகளைக் கட்டினோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது பீலிபோ எழுந்து நின்றான். கூட்டத்தில் அவன் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"வளைவுகளை அகலமாக்கணும். வெளிப்பக்கம் சுவர் வேணும்" என்றான்.

"பதினோரு வளைவையுமா? யாரு செய்யறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாளைக்குக் காலைல நான் ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும் கடப்பாரையோடு தனியாக ஏறிப் போனான். பத்து மணிக்குள் நான் போனேன். மத்தியானத்துக்குள் ஊரில் ஆண்கள் யாரும் மிச்சமில்லை. சாயங்காலம் பெண்களும் வந்துவிட்டார்கள். மீன் பெருகட்டும் என்று வலை போடாமல் விடும் பருவம் அது. பூசணியும் சேப்பங்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுபோய் ஓபேலு கூட்டங்களுக்கு இரை மட்டும் போட்டு வருவோம். அந்த வேலையைக் கிழவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் பாறை உடைத்தோம். எங்களுக்குப் பாறையைத் தவிர வேறு எது இருந்தது? குடும்பத்துக்கு ஒரு வளைவு, சில வளைவுக்கு இரண்டு மூன்று குடும்பம். சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு கோத்து இடுப்புயரச் சுவர். ஆறு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து லூகியா ஹாரு வீட்டில்தான் தேறிக்கொண்டிருந்தாள், அவளுக்குச் சொல்லக்கூடாது என்று ஹாருவிடம் சத்தியம் வாங்கியிருந்தோம்.

லூகியா திரும்பி வந்த அன்று எல்லாரும் முதல் வளைவில் நின்றோம். ஜீப் வந்தது. ஹாரு வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள். லூகியா சுவரைப் பார்த்தாள். "நிறுத்து" என்றாள்.

இறங்கினாள். ஒரு கை இன்னும் துணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையைச் சுவரின் மேல் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஜீப்பில் ஏறச் சொன்னோம், கேட்கவில்லை. ஐந்து மைலும் நடந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, "இது யாரு?" என்று கேட்பாள். கட்டியவர்கள் முன்னால் வருவார்கள். அவர்கள் கன்னத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வளைவுக்குப் போவாள். யாரையும் கிண்டல் பண்ணவில்லை. இந்த லூகியாவை எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஆறாவது வளைவுக்கு வந்தோம். "இது யாரு?"

"நானும் நோஹெயாவும்" என்றேன்.

குனிந்து சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். "அதான் கோணலா இருக்கு" என்றாள். பிறகு அந்தச் சுவரின் மேலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். நோஹெயா பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பீலிபோ கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஓட்டினாள். ஒன்று போய் இன்னொன்றாக நாலு லாரி. தண்ணீரோடு கடிதம் வந்தது, ஐஸ் வந்தது, ஹோனலூலுவில் வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தார்கள். இரண்டு குழந்தைகள் அவள் லாரியிலேயே பிறந்தன. செத்தவர்களையும் அவள்தான் மேலேயிருந்து கொண்டுவந்தாள், அந்த நாட்களில் மட்டும் பாடாமல் ஓட்டுவாள்.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, ஓர் அதிகாரி வந்தார். தண்ணீர் வசதி இல்லாத ஊர், மனிதர் குடியிருக்கத் தகுதியில்லை, எல்லாரையும் மேலே குடியேற்றிவிட்டு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட வந்தவர். எந்தக் காரியாலயம் என்பது இப்போது நினைவில்லை. நல்ல வெயில். லூகியா அவரைத் தன் வீட்டில் உட்காரவைத்தாள். முதலில் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். இன்னொன்று கொடுத்தாள், அதையும் குடித்தார். பிறகு காப்பி. அவர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"இந்த ஊர்ல தண்ணி இல்லைன்னுதான், அம்மா."

"அப்போ இவ்வளவு நேரம் நீங்க குடிச்சது என்ன?"

வாசலில் நின்றிருந்த நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் ஓடினோம். அவர் நல்ல மனிதர், அவரும் சிரித்துவிட்டார். அன்று மாலை வரைக்கும் இருந்து, அவள் லாரியிலேயே மேலே போய், பாதையைப் பார்த்து, சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். என்ன எழுதினாரோ தெரியாது. அதன்பிறகு யாரும் வந்து கிளம்பச் சொல்லவில்லை. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

அறுபத்திரண்டு வயதில் கண்ணில் பூ விழுந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது அவள் இரண்டாவது மகன் ஓட்டுகிறான். பீலிபோவும் நோஹெயாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். லூகியாவுக்கு எண்பத்து மூன்று, எனக்கு எண்பத்தைந்து. தினமும் காலையில் அவள் வீட்டுப் பக்கம் போவேன். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். "வந்துட்டான், ஊர்க் கதை கொண்டாந்துட்டான்" என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

புத்தாண்டு அன்று காலை எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் எழுந்து அந்த வருஷத்துக்காக நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவோம், வெளியே விருந்து காத்திருக்கும். லூகியா முறை வந்தால் மட்டும் பிள்ளைகள் முனகுவார்கள். அவள் வீடு வீடாகச் சொல்வாள். ஒருவரையும் விடமாட்டாள். யார் எதற்கு என்று தனித்தனியாக. பன்றி ஆறிப் போகும், கூழ் புளித்துப் போகும், அவள் நிறுத்தமாட்டாள்.

இந்த வருஷமும் அப்படித்தான். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூரையில் ஆணி அடித்துக் கொடுத்தவன், கண்ணுக்கு மருந்து விட வருகிற மருமகள், ராத்திரி குரைக்காத பக்கத்து வீட்டு நாய், புதிதாக வந்து குடியேறிய குடும்பத்துக் குட்டிப் பெண் கொண்டுவந்து காட்டிய சங்கு. என் வீட்டு முறை வந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறுபது வருஷத்துச் சிநேகம், ஏதாவது பெரிதாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"கிமோனா போன வாரம் ஒரு ஈரப்பலா கொண்டாந்தான்" என்றாள். "நல்லா வெந்துது. நன்றி."

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த ஈரப்பலாவை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்ல காய்தான். மரத்தில் இன்னும் நாலைந்து இருந்தன.